தேய்ந்த காசின் மதிப்பு

பழைய செப்புக் காசுகளைச் சேர்ப்போரும் விற்போரும் ஒரு நியதியைப் பின்பற்றுகின்றனர். காசு எவ்வளவு குறைவாகப் புழங்கியதோ அவ்வளவுக்கு அதன் விலை கூடும். அச்சான நாள்முதல் ஒருவர் கையிலும் படாது கிடந்த காசுக்கே முதலிடம். சந்தையிலும் பெட்டிக்கடையிலும் பல்லாண்டு உழன்று, முகமும் எழுத்தும் அழிந்துபோன காசு கழிக்கப்படுகின்றது. பொருள் வாங்குவதற்கென்றே செய்யப்பட்ட ஒன்று, தன் தொழிலைச் செய்யாதிருந்தமைக்காகப் போற்றப்படுவது நியாயமா என்பது சிந்தித்தற்குரியது.

இந்நியதிக்கு எண்வடிவம் தந்தவர் வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர். அந்நாட்டின் பழைய செப்புச் சதங்களைப் பற்றி 1949 ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட நூலில், இன்ன காசென்று அடையாளங்காண மட்டுமே இயலுவதற்கு 1 என்றும், குறையற்றதற்கு 70 என்றும் புள்ளி வகுத்தார். கீழ்நிலைக் காசு ஒரு டொலராயின் உச்சநிலைக் காசு எழுபது டொலர் என்பதே அதன் அடிப்படை. அந்த விலைக்கணக்குச் சந்தையிலே நிலைக்கவில்லை; அளவுகோல் நிலைத்துவிட்டது.

சேகரிப்போர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அவர்கள் இல்லையேல் பல காசுகள் கன்னாரின் உலைக்குப் போயிருக்கும். யாழ்ப்பாணத்து அரசரின் செப்புக் காசுகளிலே எருதின் கீழே தமிழில் ‘சேது’ என்று பொறித்திருப்பதை நாம் இன்று வாசிப்பது, எழுத்துத் தேயாத காசுகள் சில தப்பியமையாலேயே. காசைப் புளியிட்டு மினுக்கவேண்டாமென்று அவர்கள் மாணவருக்குச் சொல்வதும் சரியே. செம்புக்குக் காவலாய் அமைந்த மேற்படலம் அதனால் அழிந்துபோகும். ஆயினும் வரலாற்றாசிரியனுக்குத் தேய்வும் ஒரு சான்று. புதையலொன்றிலே எக்காசுகள் கூடத் தேய்ந்தன, எவை குறையத் தேய்ந்தன என்பதைக் கொண்டு அவை புழங்கிய காலத்தை அவன் மதிப்பிடுகிறான். விலைப்பட்டியலுக்கு அது வெறும் குறை மாத்திரமே.

காசு ஏன் தேய்கின்றது? கார்ல் மாக்ஸ் ‘மூலதன’த்தின் முதற்பாகத்திலே இதனை ஆராய்கிறார். சிறு கொள்வனவுகள் ஓயாது நிகழுமிடத்திலே காசு விரைந்து கைமாறும், அங்கேதான் அது கூடத் தேயும், பொன்னுக்குப் பதிலாக வெள்ளியும் செம்பும் வருவதும் அங்கேதான் என்பது அவர் விளக்கம். அப்படியாயின் தேய்வென்பது ஏழைகளுடைய கொடுக்கல் வாங்கலின் பதிவாகும். பொற்காசைப் பெட்டியிலே பூட்டிவைக்கலாம்; காற் சதத்தை யார் பூட்டிவைத்தார்?

இலங்கையிலே 1870 ஆம் ஆண்டைப் பொறித்து வெளிவந்த செப்புக் காசுகளுள் மிகச் சிறியது இந்தக் காற் சதம். நானூறு சேர்ந்தால் ஒரு ரூபா. இத்துணை நுண்ணிய பிரிவு எதற்கு வேண்டியிருந்தது என்பதற்கு விடையைக் கூலிக் கணக்கிலேதான் தேடவேண்டும். காற் சதம் அச்சாவது நின்று பல்லாண்டு கழிந்த பின்னரும், 1929 இலே, குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி மலைநாட்டின் உயர்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமுமே விதிக்கப்பட்டன. பெண்ணுக்குக் குறைத்த அந்தப் பதினொரு சதமும் கையால் எண்ணத்தக்க பதினொரு செப்புக் காசுகள். அக்காலத்துச் சதமொன்று தேயாது கிடைத்தால் நாம் வியக்கிறோம். தோட்டத்துக் கடையிலே தேய்ந்தது கிடைத்தால் எறிந்துவிடுகிறோம்.

பாடசாலைகளிலே கண்ணாடிப் பெட்டியிற் காசுகளை வைக்கும்போது ஆண்டையும் அரசர் பெயரையும் எழுதிவைக்கிறோம். அதனை உழைத்தவர் எத்தனை நாழிகை வேலை செய்தார், அதைக் கொடுத்து என்ன வாங்கினார் என்பவற்றையும் மாணவர் முதியோரிடம் கேட்டெழுதலாம். அரைச் சதம் இறுதியாக 1940 ஆம் ஆண்டைத் தாங்கி வந்தது. அதைக் கையிலே பொத்திக்கொண்டு கடைக்குப் போனவர்கள் இன்று தொண்ணூறை அண்டியவர்கள்.