பாட்டி எழுதிய பதில்

1944-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பாங்கர் ஊர்த் திடலில் குதிரை வண்டிப் பந்தயம். அப்பாவோடு போயிருந்த ஒரு பெண், அவர் வேண்டாமென்று தடுத்தும் கேட்காமல், தான் நினைத்த குதிரை மேலேயே பணம் கட்டினாள். குதிரை ஜெயித்தது. அவ்வளவுதான் கதை!

சுமார் நாற்பது வருஷம் கழித்து, பாட்டியாகி, இதைப் பேத்தியிடம் சொன்னாள். பேத்தி காதரின் போர்லாண்ட் நாட்டுப்புறவியல் ஆய்வாளர். விடுவாரா? ஆண்கள் உலகத்தில் ஒரு பெண் தன் விருப்பத்தை நிலைநாட்டிய கதை என்று கட்டுரை எழுதி, பாட்டிக்கே அனுப்பினார். 14 பக்கத்துக்குப் பதில் வந்தது. 'இதெல்லாம் உன் வியாக்கியானம். இது என் கதையே இல்லை' என்கிற பாணியில்.

வாய் திறக்க விடாமல் வைத்திருந்த பெண்களைப் பேச வைப்போம் என்பதுதான் பெண்ணிய ஆய்வுகளின் வாக்குறுதி. நல்லதுதான். ஆனால், பேசுவது ஒருவர். எதை வெட்டுவது, எந்த வரியைத் தலைப்பாக்குவது என்று முடிவு செய்வது இன்னொருவர். பெயரை மாற்றி, சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்ததா? தன் பேச்சுக்கு என்ன அர்த்தம் கற்பிக்கப் போகிறார்கள் என்று கையெழுத்துப் போடுகிற அம்மாவுக்கு எப்படித் தெரியும்? எழுதப் போகிறவருக்கே அப்போது தெரியாதே!

போர்லாண்ட் அந்தக் கடிதத்தை அலமாரியில் போட்டுப் பூட்டவில்லை. பாட்டியோடு மறுபடி பேசி, அவருடைய மறுப்பையும் கட்டுரைக்குள்ளேயே வைத்து, 1991-ல் அச்சேற்றினார். பாட்டி சொன்னபடி மொத்தத்தையும் மாற்றியிருக்கணுமா? வேண்டியதில்லை என்பேன். சொல்கிறவருக்குத் தெரியாத ஒன்று கேட்கிறவருக்குப் புலப்படலாம். ஆனால், 'நான் அப்படிச் சொல்லலையே' என்ற குரலும் பக்கத்திலேயே இருக்கணும்.

சிக்கல் எங்கேன்னா, அந்தப் பாட்டிக்குப் படிக்கத் தெரியும். பேத்தியைக் கடிந்துகொள்ளும் உரிமையும் இருந்தது. புதுச்சேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் கூலி வேலை செய்த வீரம்மா தன் வாழ்க்கையைத் தமிழில் சொல்லச் சொல்ல, ஜோசியான் ராசின் வருஷக்கணக்கில் பதிவு செய்தார். புத்தக அட்டையில் வீரம்மாவின் பெயரும் உண்டு. நேர்மையான காரியம். ஆனால், 1995-ல் புத்தகம் வந்தது பிரெஞ்சு மொழியில். அந்த நிலையில் இருக்கிற ஒருவருக்கு ஒரு வரி உறுத்தினால், 14 பக்கத்துக்கு எப்படிப் பதில் எழுதுவார்?

யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மொழியில் வரிவரியாக வாசித்துக் காட்டணும். அதற்கு நாலைந்து நாள் பிடிக்கும். அத்தனை நாள் கூலியும் போகும். பஸ் டிக்கெட்டுக்கும் ரெக்கார்டருக்கும் கணக்கு எழுதுகிற ஆய்வு பட்ஜெட்டில், அந்தக் கூலிக்கும் ஒரு வரி போடலாமே.