எக்காளமும் பறையும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோரப் பாதையில், மாங்கேணியைத் தாண்டி வாகரையை அடையுமுன் வருவது பனிச்சங்கேணி. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. வலையையும் தோணியையும் நம்பி வாழும் ஜனங்கள். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2006, 2007ஆம் ஆண்டுகளின் போரும் இக்கரையோர மக்களை அடுத்தடுத்து இடம்பெயரச் செய்தன. இத்தகைய பிரதேசத்தில் நின்றுகொண்டு, தேவாலயத்தில் எந்த வாத்தியம் ஒலிக்கவேண்டும் என்று கேட்பது, பசித்தவனிடம் பாத்திரத்தின் வேலைப்பாட்டைப் பற்றிப் பேசுவதுபோலச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஒரு சமூகம் தன் துயரத்தையும் நம்பிக்கையையும் எந்த ஒலியாற் சொல்கிறது, அந்த ஒலியை எழுப்பும் உரிமையை யாருக்கு அளிக்கிறது என்பவை, சோற்றுப் பிரச்சினையிலிருந்து வெகுதூரம் விலகிய விஷயங்கள் அல்ல.

ஒரு காட்சியை மனத்தில் வரைந்துகொள்வோம். வாவிக்கரையில் ஒரு சிறு தேவாலயம். உயிர்த்த ஞாயிறு நெருங்குகிறது. சபையார் கூடிப் பேசுகிறார்கள். பட்டணத்துப் பாடசாலையின் பாண்ட் வாத்தியக் குழுவை அழைத்துவந்தால் ஆராதனை களைகட்டும் என்கிறார் ஒருவர். ‘பாண்ட் எதற்கு? நமது மண்ணின் பறை இருக்கிறதே!’ என்கிறார் படித்த இளைஞர் ஒருவர். கூட்டத்தில் ஒரு கணம் மௌனம். அந்த மௌனத்தின் பொருள் என்ன? அதுவே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில், பித்தளை வாத்தியங்கள் தேவாலயத்துக்குள் நுழைந்த கதையைச் சற்றுப் பார்ப்போம். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் வாழ்ந்த மொரேவிய சகோதரர்கள், 18ஆம் நூற்றாண்டிலேயே டிராம்போன் குழுக்களைத் தங்கள் வழிபாட்டில் இணைத்துக்கொண்டனர். அவர்கள் அமெரிக்காவின் பெத்லகேம் நகரில் குடியேறியபோது இந்த வழக்கமும் உடன் சென்றது. அங்கே சபையில் ஒருவர் இறந்தால், அச்செய்தியை ஊருக்கு அறிவித்தது டிராம்போன் குழுவே. இறந்தவர் மணமானவரா, மணமாகாதவரா, கைம்பெண்ணா, குழந்தையா என்பதை, வாசிக்கப்படும் மெட்டைக் கொண்டே மக்கள் அறிந்துகொண்டனர்.

இங்கிலாந்தின் கதை வேறுவிதமானது. 1840களில் அடோல்ப் சாக்ஸ் என்பவர் அமைத்த ஊதுகருவிகள் ஒரே விரல்முறையில் வாசிக்கத் தக்கவையாக இருந்தன. சுரங்கத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் வேலை முடிந்த மாலையில் அவற்றைக் கற்றுக்கொண்டனர். 1878இல் சால்ஸ்பரி நகரில், இரட்சணிய சேனையினரின் தெருக் கூட்டங்களைக் கலைக்க முரடர்கள் முற்பட்டபோது, சார்ல்ஸ் பிரை என்ற கட்டடத் தொழில் செய்பவரும் அவருடைய மூன்று மைந்தர்களும் காவலாக வந்து நின்றனர். வரும்போது தங்கள் வாத்தியங்களையும் கொண்டுவந்தனர். இரட்சணிய சேனையின் புகழ்பெற்ற பாண்ட் மரபு பிறந்தது அவ்வாறே. ஆக, பிறந்த மண்ணில் பித்தளை ஊதுகுழல் உழைப்பாளியின் தோழன். நம் நாட்டுக்கு வந்தபோதோ அது பட்டாளத்தோடும் கவர்னரின் வரவேற்போடும் வந்தது. தெருவிற் பிறந்த கருவி இங்கே அந்தஸ்தின் சின்னமாயிற்று.

கருவிக்குத் தன்னளவிற் புனிதம் உண்டா? சரித்திரம் இல்லை என்றே சொல்கிறது. ஜெர்மானியத் தேவாலயங்களில் பித்தளைக் குழுக்களைப் பரப்பப் பெரும்பணி ஆற்றிய யோகன்னஸ் கூலோ என்ற போதகர், பிற்காலத்தில் நாஜிக் கட்சியிற் சேர்ந்தவர். கடவுளைத் துதித்த அதே உதடு கொடுங்கோலனையும் வாழ்த்த முடியும். பித்தளை இரண்டுக்கும் ஒரே ஒலியைத்தான் தரும்.

திருச்சபைகளின் சட்டங்களும் காலத்துக்குக் காலம் மாறியே வந்திருக்கின்றன. 1903 நவம்பர் 22ஆம் திகதி பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றி ஓர் ஆணை பிறப்பித்தார். முரசு, தாளம் முதலிய ஆரவாரக் கருவிகள் ஆலயத்தினுள் கூடாது என்றார். பாண்ட் குழுக்களும் உள்ளே வாசிக்கலாகாது. எனினும் ஆயரின் அனுமதியோடு, வரையறுக்கப்பட்ட சில ஊதுகருவிகளை விசேட சந்தர்ப்பங்களில் ஏற்கலாம். வெளியே நடக்கும் பவனிகளிற் பாண்ட் வாசிக்கவும் ஆயர் அனுமதிக்கலாம் என்று விலக்கு அளித்தார். எக்காளத்துக்குக் கதவு சிறிதளவு திறந்தது; தோற்கருவிக்கு அது மூடியே இருந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1963 டிசம்பர் 4ஆம் திகதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் வேறு குரலிற் பேசியது. மக்களினங்களின் சொந்த இசை மரபுகளுக்கு உரிய மதிப்பளிக்கவேண்டும் என்றும், தகுதியான பிற கருவிகளையும் வழிபாட்டில் ஏற்கலாம் என்றும் அது தீர்மானித்தது.

சட்டம் மாறிவிட்டது. அப்படியாயின் கூட்டத்தில் அந்த மௌனம் ஏன்?

மட்டக்களப்புப் பிரதேசத்திற் பறை ஒலிக்காத சடங்கு அபூர்வம். அம்மன் கோயிற் சடங்கிலும் அது ஒலிக்கும். மரண வீட்டிலும் ஒலிக்கும். இறப்பை ஊருக்கு அறிவிப்பது அதுவே. பெத்லகேமின் டிராம்போன் செய்த வேலையையே நம் பறையும் செய்தது. ஆனால் அங்கே டிராம்போன் ஊதியவர் சபையின் மதிப்புக்குரிய அங்கத்தவர். இங்கே பறை அடித்தவர் முற்றத்துக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர். சாவைச் சொல்லும் தொழில் இரண்டிடத்திலும் ஒன்றே. வேறுபாடு ஒலியில் இல்லை, சாதியில் இருக்கிறது. ‘பறை இரைச்சல், எக்காளம் கம்பீரம்’ என்று நம் காது சொல்லும்போது, அது காதின் தீர்ப்பு அன்று. நாம் பிறந்த வீட்டின் தீர்ப்பு.

இவ்வளவு சொன்னதும், எக்காளத்தை விலக்கிப் பறையை ஏற்றினாற் கடமை முடிந்தது என்று முற்போக்காளர் சிலர் எண்ணக்கூடும். இங்கேதான் நாம் நிதானிக்கவேண்டும். பறை அடிக்கும் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து, “தம்பி, இந்தத் தோலைத் தோளிலே தூக்கினதாலேதான் என் தகப்பனைப் படலைக்கு வெளியே நிற்கவைத்தார்கள். கோயிலுக்குள்ளேயும் அதையே தூக்கச் சொல்கிறாயா? அந்தக் குழலை என் பேரனிடம் கொடு” என்று சொன்னால், நாம் என்ன பதில் சொல்வோம்? இது வெறும் கற்பனை அன்று. ஈழத்திலும் தமிழகத்திலும், பறையடித்தலை அடிமைச் சேவகமாகக் கண்டு அதை மறுத்து எழுந்தவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களே. அவர்களில் ஒருவனுக்கு, சாதி ஒட்டிக்கொள்ளாத பித்தளைக் குழல் விடுதலையின் கருவியாகத் தோன்றினால் அதிற் குற்றம் காண நமக்கு என்ன அருகதை?

இதற்கு நேர்மாறான வழியில் நடந்தவர்களும் உண்டு. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் இசையும் இறையியலும் கற்பித்த போதகர் தியோபிலஸ் அப்பாவு, பறையையும் நாட்டுப்புற மெட்டுகளையும் வழிபாட்டின் மையத்துக்குக் கொண்டுவந்தார். 2005இல் அவர் மறைந்தார். இழிவென்று ஒதுக்கிய கருவியையே உயர்த்திப் பிடிப்பதால் இழிவை உடைக்கலாம் என்பது அவர் வழி. நம் மட்டக்களப்பிலேயே, கிழக்குப் பல்கலைக்கழக நுண்கலைத் துறையினர், விருந்தினரை வரவேற்கும் மேற்கத்தேய பாண்டுக்கு மாற்றாகப் பறை, மத்தளம் முதலியவற்றைக் கொண்டும் கூத்தின் உடையலங்காரத்தைத் தழுவியும் ‘இன்னியம்’ என்ற குழுவை உருவாக்கினர். பறையை மறுத்தவரும் அதை உயர்த்தியவரும் ஒரே சுவரைத்தான் இருபுறமிருந்தும் இடித்தார்கள்.

ஆகவே, எந்தக் கருவி என்பது இரண்டாவது கேள்வியே. முதற் கேள்வி, யார் தெரிவுசெய்கிறார்கள், வாசித்தவருக்கு வாசித்த பின் என்ன இடம் என்பதாகும். இதற்கு நம் கிறிஸ்தவ சரித்திரத்திலேயே கசப்பான பாடம் இருக்கிறது. 1833இல் பேராயர் தானியேல் வில்சன், இருக்கையிலும் இராப்போசனத்திலும் சாதி வேற்றுமை பாராட்டலாகாது என்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூர்ப் பகுதியில் மேற்சாதியார் பலர் அதை எதிர்த்தனர். இனிய கீர்த்தனைகள் பல இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதி வழக்கங்களை ஆதரித்தே வாதாடினார். அவருடைய பாடல்கள் இன்றும் நம் உள்ளத்தை உருக்குகின்றன. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் சங்கீதம் எவ்வளவு இனிதாயினும், அது ஒரே பாத்திரத்தில் அருந்தும் மனத்தைத் தானாக உண்டாக்கிவிடாது என்பதையும் நாம் மறக்கலாகாது.

இனி நடைமுறைக்கு வருவோம். பித்தளைக் குழுவையே சபை தெரிவுசெய்தால், எதை வாசிப்பது? சிறிய ஆலயத்தில் நான்கு குழல்கள் முழுமூச்சில் ஒலித்தால், சபையாரின் பாட்டு அதில் மூழ்கிப்போகும். கடற்காற்றில் உழைத்துக் கரகரத்த முதியவர்களின் குரலுக்குச் சுருதியைத் தாழ்த்தவேண்டும். குழலுக்கு வசதியான சுருதி என்பதற்காக மக்களை உச்சத்தில் ஏற்றித் திணறவைப்பது அநீதி. நான்கு குரலில் அமைந்த பழைய ஞானப்பாட்டு பித்தளைக்குப் பொருந்தும். கமகங்களால் வளைந்து செல்லும் கீர்த்தனையை வால்வுகளின் நேர்ச்சுரங்களில் அடைத்தால் அதன் உயிர் போய்விடும். முதற் சரணத்தைக் குழல் தொடங்கிவைக்கட்டும். அடுத்த சரணத்தில் அது ஓய, ஜனங்களின் குரல் மட்டும் கேட்கட்டும். பாவ அறிக்கையின்போது எக்காளத்துக்கு வேலையில்லை. விடியற்காலையில் வாவிக்கரையில் நடக்கும் உயிர்ப்பு ஆராதனையில் அது தாராளமாக முழங்கலாம். அங்கே வானம் இருக்கிறது, ஒலி எவரையும் நெருக்காது. பறை வந்தாலும் இதே நியாயந்தான்: மக்களின் பாட்டைத் தாங்கவேண்டும், விழுங்கலாகாது.

வாத்தியம் வாசிக்கப் பட்டணத்துப் பிள்ளைகளை அழைத்துவந்து, அவர்களுக்குக் கைதட்டி அனுப்பிவிடுவதோடு ஆராதனை முடிந்தால், அது கச்சேரியாகிவிடும். இரண்டு பழைய குழல்களை வாங்கி, இறால் பிடிக்கச் செல்லும் குடும்பத்துப் பையனுக்கும் பெண்ணுக்கும், பறை அடிப்பவரின் பேரனுக்கும் ஒரே வாங்கில் அமர்த்திக் கற்பித்தால், சுரம் பிசகினாலும் அது வழிபாடாகும்.

மறுபடி அந்தக் கூட்டத்துக்கு வருவோம். மௌனம் இன்னும் நீடிக்கிறது. அதைக் கலைக்கவேண்டியவர் போதகரும் அல்லர், படித்த இளைஞரும் அல்லர். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தப் பெரியவரிடம், ‘ஐயா, நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?’ என்று சபை கேட்கட்டும். அவர் குழலைக் கேட்கலாம், பறையைக் கேட்கலாம், இரண்டும் வேண்டாம், பாடினாற் போதும் என்றும் சொல்லலாம். அவருடைய விடைக்குச் சபை கட்டுப்படவேண்டும். ஆராதனையின் முடிவில் அதே பெரியவர் எல்லோரோடும் ஒரே வரிசையில், ஒரே பாத்திரத்திலிருந்து அருந்தவும் வேண்டும். அந்த இரண்டும் நடக்கும்வரை, எக்காளமாயினும் பறையாயினும், நாம் எழுப்புவது ஓசை மட்டுமே.