மெத்தைக்கும் துறவுக்கும் பகையா?

தியானத்துக்கு உட்கார வீட்டிலேயே ஃபோம் வெட்டித் திண்டு தைக்க நினைப்பவருக்கு ஒரு கூச்சம் வருவது இயல்பு. ஆண்டவனை நினைக்க உட்காரும் நேரத்தில் உடம்புக்கு மெத்தை தேடலாமா? மென்மையே மனத்துக்குப் பகை என்றால் அந்தக் கூச்சம் நியாயம்தான். ஆனால் இந்த வழியில் நம்மைவிட வெகுதூரம் போனவர்கள் அப்படிக் கருதவில்லை. கீதையின் ஆறாம் அத்தியாயம் ஆசனத்தை அதிக உயரமும் அதிகத் தாழ்வும் இல்லாமல், தர்ப்பை, தோல், துணி என்று அடுக்கி அமைக்கச் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டு ஜப்பானில் ஜென் ஆசான் டோகன் தடித்த பாய் விரித்து அதன்மேல் திண்டு வைக்கச் சொன்னார். அந்தத் திண்டு கால்களுக்கடியில் முழுக்கப் பரவாமல் இடுப்புக்குக் கீழே மட்டும் இருக்க வேண்டும் என்றும் எழுதினார். பிட்டம் சற்று உயர்ந்து முழங்கால்கள் தரையில் படிந்தால் முதுகு தானாக நிமிரும் என்பதை உட்கார்ந்து பார்த்தவர் எவரும் அறிவர்.

பௌத்தத் துறவியருக்கு ஒழுக்க விதிகள் வகுக்கும் விநய நூல்கள் இன்னும் நுணுக்கமானவை. பஞ்சு திணித்த கட்டிலைப் பிக்கு வைத்திருக்கக் கூடாது. அந்தப் பஞ்சைப் பிய்த்தெடுக்க வேண்டும். அதே பஞ்சைத் தலையணைக்குப் பயன்படுத்தலாம், ஆனால் அது தலையளவே இருக்க வேண்டும். மெத்தைக்குக் கம்பளி, துணி, மரப்பட்டை, புல், இலை என்று ஐந்து அனுமதிக்கப்பட்டன. ஒரே பஞ்சு ஓரிடத்தில் குற்றம், இன்னோரிடத்தில் குற்றமில்லை என்றால், பொருளின் மென்மையை அவர்கள் குற்றம் சாட்டவில்லை என்பது தெளிவு. அளவைத்தான் பார்த்தார்கள். உடம்பு தன்னை மறந்திருக்க உதவும் வரை மென்மை துணை. தன்னையே நினைக்கச் செய்யும்போது அது தடை. நான் வாதிடுவது இவ்வளவே.

கடும் துறவிகளைக் காட்டி இதை மறுக்கலாம். சமணர் வெறும் பாறையில் படுத்தார்களே? புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் குகையில் 17 கற்படுக்கைகள் உண்டு. வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட அவற்றின் தலைமாட்டில் மேடு விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். அது மென்மையல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடம்பை வதைப்பதே குறியென்றால் அந்த மேட்டுக்கு உளி பட்டிருக்காது. அவ்வளவு கடுமையிலும் தலைக்கு ஓர் அளவு பார்த்திருக்கிறார்கள்.

வசதிக்கு ஒருமுறை இடம் கொடுத்தால் அது வளர்ந்துகொண்டே போகாதா என்பது இதைவிட வலுவான கேள்வி. போகும், கடையில் வாங்கும்போது பெரும்பாலும் போகிறது. வீட்டில் செய்யும்போது பொருளே எல்லையைக் காட்டிவிடுகிறது. மிருதுவான ஃபோமில் இடுப்பு முழங்காலுக்குக் கீழே அமிழ்ந்துவிடும், முதுகு கூனும், கால் மரத்துப்போகும். கடைக்காரர் சொல்லும் ‘40 டென்சிட்டி’ என்பது ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ எடை என்ற கணக்கு. அது ஃபோம் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதைச் சொல்லும், கெட்டித்தன்மையைச் சொல்லாது. கெட்டித்தன்மையைக் கையால் அழுத்தியே தெரிந்துகொள்ள வேண்டும். ஃபோமைச் சுற்றி மெல்லிய பாலியெஸ்டர் பஞ்சு ஒரு சுற்று போதும், விளிம்பு உறுத்தாது. உறையை ஃபோமைவிடச் சற்றே சிறிதாக வெட்டினால் சுருக்கம் விழாது. இதற்குமேல் சேர்க்கும் ஒவ்வொரு அடுக்கும் உட்காருபவரை ஆடவைக்கும். நமக்கு வேண்டியது நிலைத்திருக்கும் ஆசனமே.

ஃபோம் பெட்ரோலியத்தில் பிறந்து மண்ணில் மக்காத பொருள் என்ற ஆட்சேபம் என்னை உண்மையாகவே உறுத்துகிறது. இலவம் பஞ்சு கிடைப்பவர் அதையே நாடட்டும். வீட்டில் ஏற்கெனவே ஃபோம் இருந்தால் குப்பையில் போட வேண்டியதில்லை. நடுவில் தொய்ந்திருந்தால் திருப்பிப் போடலாம், அடியில் கெட்டியான ஒரு தகடு ஃபோம் சேர்க்கலாம், மேலே புதுப் பஞ்சு சுற்றிப் பழைய உறையையே துவைத்துப் போடலாம்.