விலை குறைந்தால் குற்றமா?

மதுரையை அடுத்த பரவை காய்கறி மார்க்கெட்டுக்குச் சைக்கிளில் மூட்டை ஏற்றி வருபவருக்கும், அவ்வழியே செல்லும் திண்டுக்கல் சாலையில் உடல்நலத்துக்காகக் காலையில் சைக்கிள் மிதிப்பவருக்கும் வியர்வையைத் தாங்கும் உடுப்பு வேண்டும். இருவரும் போய்ச் சேர்வது பெரும்பாலும் விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளுக்கோ தள்ளுபடிக் கடைகளுக்கோதான். பிராண்டுக் கடையில் ஆயிரத்துக்கு மேல் விலை சொல்லும் ஜெர்சியைப் போன்ற ஒன்று அங்கே சில நூறு ரூபாய்க்குக் கிடைத்துவிடுகிறது. இவ்வளவு மலிவாக வாங்கும்போது யாருடைய வயிற்றிலாவது அடிக்கிறோமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை தவறானது. குறைந்த விலைக்கு வாங்கியதாலேயே ஒருவர் குற்றவாளி ஆவதில்லை. கூடுதல் விலை கொடுத்ததாலேயே நல்லவரும் ஆவதில்லை. தைத்தவரின் வாழ்க்கையை உண்மையில் மாற்றுவது எது என்று அறிந்து அதன் பக்கம் நிற்பதுதான் வாங்குபவரின் கடமை.

அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எல்லா மலிவும் ஒரே வகையல்ல. திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டருக்குத் தைத்து மிஞ்சியதும், சிறு குறைக்காகக் கழிக்கப்பட்டதும் காதர்பேட்டை போன்ற சந்தைகள் வழியாகத் தமிழ்நாடெங்கும் போகின்றன. அத்தகைய டீ-சர்ட்டின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தால் லேபிள் பாதியில் கத்தரிக்கப்பட்டிருக்கும். ஏற்கெனவே தைத்து முடித்த துணி குப்பைக்குப் போகாமல் ஓர் ஏழையின் உடம்புக்குப் போவதில் தவறேதும் இல்லை. அடிமட்ட விலைக்கென்றே ஆர்டர் பிடித்துத் தைக்கும் சரக்கின் கதை வேறு. அங்கே விலையைக் குறைக்கக் கைவைக்க எளிதான இடம் கூலிதான். ஓவர்லாக், செக்கிங், கைமடி என்று பிரியும் வேலைகள் பீஸ் ரேட்டுக்குப் போகின்றன. முதலாளிகளும் சங்கங்களும் போடும் கூலி ஒப்பந்தம் எட்டாத சிறு பட்டறைக்குத் தைக்கும் வேலை நகர்கிறது. கூலிக்கு அடுத்தபடி ஆற்றின் மீது கைவைப்பார்கள். சுத்திகரிக்காமல் விட்ட சாயக்கழிவால் நொய்யல் கெட்டு, ஒரத்துப்பாளையம் அணைநீர் பாசனத்துக்கு உதவாமல் போனது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியது. துணியின் விலையில் சேராத அந்தச் செலவைக் கீழ்ப்பாசன விவசாயி சுமந்தார்.

அப்படியானால் விலை கூடிய பிராண்டை வாங்கிவிட்டால் போதுமா? போதாது. டாக்காவுக்கு அருகே 2013 ஏப்ரல் 24-இல் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் மலிவுக் கடைகளுக்கு மட்டும் தைக்கவில்லை. மலிவில் சேராத பெனட்டனுக்கும் தைத்திருந்தார்கள். ஓர் உடையின் விலையில் தைத்தவருக்குப் போவது மிகச் சிறிய பங்கு. விளம்பரமும் கடை வாடகையும் லாபமும்தான் பெரும்பங்கு. கூடுதலாகக் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவரின் கைக்குப் போகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

உத்தரவாதம் எப்படி வரும் என்பதைப் பரவையைக் கடந்து போகும் இதே சாலை சென்று சேரும் திண்டுக்கல் மாவட்டம் காட்டியிருக்கிறது. அங்குள்ள நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளரே கைதானார். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியதன் விளைவாக 2022 ஏப்ரலில், ஆலையில் பாலியல் தொல்லையைத் தடுப்பதற்கான திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம் அதில் சேர்ந்தது. பிறகு கேப், பிவிஎச் நிறுவனங்களும் சேர்ந்தன. ஒப்பந்தத்தை ஆலை மீறினால் அதன் வியாபாரத்தில் கைவைக்கும் பொறுப்பை பிராண்டுகள் சட்டப்படி ஏற்றன. ஆலைக்குள் பாலியல் தொல்லையைக் கவனித்துப் புகார் சொல்லத் தொழிலாளர்களே பயிற்சி பெற்றார்கள். இது வாங்குபவர்கள் கூடுதல் விலை கொடுத்ததால் வந்ததல்ல. சங்கம் கேட்டது, வெளியுலகம் கவனித்தது, பிராண்டு பணிந்தது.

ஏழைக்கு இந்த அறம் பேசுவது கொடுமையல்லவா என்று கேட்கலாம். கொடுமைதான். மதுரை இந்தக் கேள்வியை நூறாண்டுக்கு முன்பே சந்தித்திருக்கிறது. 1921 செப்டம்பரில் மதுரைக்கு ரயிலில் வந்த காந்தி, கதர் உடுத்தச் சொன்னபோது, அதை வாங்க எங்களுக்கு வசதியில்லை என்று சக பயணிகள் சொன்னார்கள். அதற்காக அவர்களை அவர் பழிக்கவில்லை. 22-ஆம் தேதி மேலமாசி வீதி வீட்டில் தம் உடையைத்தான் குறைத்துக்கொண்டார். தேர்ந்தெடுக்க வசதி உள்ளவர் மீதுதான் பொறுப்பு முதலில் விழுகிறது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் மலிவுச் சட்டை வாங்குவதில் எந்தக் குற்றமும் இல்லை. பீரோ நிறைய உடுப்பு இருக்க, தள்ளுபடி என்ற ஒரே காரணத்துக்காக நான்காவது ஜெர்சியை வாங்கி, இரண்டு மாதத்தில் தரை துடைக்கப் போடுபவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

எல்லோரும் வாங்குவதை நிறுத்தினால் தைப்பவர் பிழைப்பு போகாதா என்பது இன்னொரு மறுப்பு. போகும், அதனால்தான் புறக்கணிப்பு இதற்கு மருந்தாகாது. திண்டுக்கல்லில் சங்கம் கேட்டதும் ஆலையை மூடச் சொல்லி அல்ல, அதைத் திருத்தச் சொல்லித்தான். தனியொருவர் கேட்டு என்ன ஆகும் என்றும் சொல்வார்கள். தனியொருவர் கேள்விக்குப் பலம் குறைவு என்பது உண்மை. ஆனால் பரவையில் சேர்ந்து மிதிக்கும் ஒரு சைக்கிள் குழு நாற்பது ஜெர்சிக்கு ஆர்டர் கொடுக்கும்போது, எந்த யூனிட்டில் தைக்கிறீர்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, ஒப்பந்தக் கூலி கொடுக்கிறீர்களா என்று கேட்டால் வியாபாரி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆகவே தேவைக்கு மட்டும் வாங்குங்கள். வாங்கியதைக் கிழியும்வரை உடுத்துங்கள். மிச்சச் சரக்கு வாங்கக் கூச்சப்படாதீர்கள். பிராண்டின் விலைச்சீட்டை நற்சான்றிதழாக நம்பவும் வேண்டாம். கூலி உயர்வு கேட்டுத் தைப்பவர்கள் தெருவில் நிற்கும் நாளில் அவர்கள் பக்கம் பேசுங்கள். கடையில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாயைவிட அந்தப் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.