இறங்கும் உரிமை

கரீபியக் கடலில் உள்ள பொனேர் தீவைச் சூழ்ந்த நீர்ப்பரப்பு 1979 முதல் பாதுகாக்கப்பட்ட கடற்பூங்கா. அங்கே ஸ்கூபா முக்குளிப்பவர்கள் கையுறை அணியக் கூடாது. கையுறை போட்ட கை பவளத்தைத் துணிந்து பற்றும், வெறுங்கை தயங்கும் என்பதே தடைக்குக் காரணம். ஐஸ்லாந்தின் திங்வெல்லிர் தேசியப் பூங்காவில் உள்ள சில்ஃப்ரா பிளவிலோ நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ்தான். கனத்த கையுறை இல்லாமல் அங்கே இறங்கினால் விரல்கள் மரத்துப்போகும். வால்வைத் திருகவும் கொக்கியைக் கழற்றவும் முடியாது. ஓரிடத்தில் விலக்கப்பட்ட பொருளே மற்றோரிடத்தில் உயிரைக் காக்கிறது. எதிரெதிராகத் தெரியும் இந்த இரு நடைமுறைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: கடலுக்குள் இறங்கும் உரிமை எதனால் வருகிறது? பணத்தாலா, ஆசையாலா, பக்குவத்தாலா?

ஒரு கடினமான நிலையை எண்ணிப் பார்க்கலாம். புதிதாக முக்குளிக்க வந்தவர் 15 மீட்டர் ஆழத்தில் தடுமாறுகிறார். பயத்தில் மூச்சு வாங்குகிறது. எட்டிய பவளக் கிளையைப் பற்றிக்கொள்கிறார், கிளை முறிகிறது. அவர் செய்தது தவறா? அந்தக் கணத்தில் இல்லை. உயிர் தவிக்கும்போது கைக்கு எட்டியதைப் பிடிப்பது யாருக்கும் இயல்பு. ஒரு மனித உயிருக்காகப் பல ஆண்டு வளர்ச்சி முறிந்தாலும் அதைக் குற்றமென்று சொல்ல முடியாது. ஆனால் கணக்கை அந்தக் கணத்தோடு முடித்துவிடுவதும் நியாயமல்ல. இடுப்பில் தேவைக்கு மேல் ஈய எடை கட்டி அனுப்பியவர் யார்? அரைகுறைப் பயிற்சியோடு அவரைப் பவளத்திட்டுக்கு அழைத்துப் போனவர் யார்? முன் அனுபவத்தைக் கூட்டிச் சொன்னது அவரேதானா? தவறு நடந்த இடம் 15 மீட்டர் ஆழமல்ல, கரை.

இதை நீரின் இயல்பே உறுதி செய்கிறது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. இறங்க இறங்க, முக்குளிப்பவர் அணியும் மிதப்பு மேலங்கியிலுள்ள காற்று சுருங்கும், மூழ்கும் வேகம் கூடும். ஏறும்போது அது விரிந்து ஆளை மேலே தூக்கும். இந்த மிதப்பைச் சமன் செய்யத் தெரியாதவர் கால்களை ஓயாமல் அடிக்கிறார். காற்று விரைவில் தீர்கிறது. பதறி மேலே பாய்ந்தால் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகி, முடக்கவோ கொல்லவோ செய்யலாம். அதே கால்களின் துடுப்புதான் பவளத்தை உடைக்கிறது. அது கிளப்பும் வண்டல்தான் பவள உயிரிகளின் மேல் படிகிறது. தன்னைக் காக்கும் திறனும் கடலைக் காக்கும் திறனும் வேறு வேறல்ல. ஒன்றில் அலட்சியமாக இருந்துகொண்டு மற்றதில் அக்கறை காட்டுவதாகச் சொல்ல முடியாது.

குளிர்நீர் இந்தப் பாடத்தை இன்னும் கடுமையாகக் கற்பிக்கிறது. சிலிண்டரிலிருந்து வெளிவரும் காற்று விரியும்போது குளிர்கிறது. உறைநிலைக்கு அருகிலுள்ள நீரில் சுவாசக் கருவிக்குள் பனி கட்டி, வால்வு திறந்தபடியே நின்றுவிடலாம். சில நிமிடங்களில் சிலிண்டர் காலியாகும். நீர் புகாத உடையில் பழக்கமில்லாதவருக்கு அந்த உடைக்குள் இருக்கும் காற்றே ஆபத்து. அதனால்தான் சில்ஃப்ராவில் அவ்வகை உடையில் பயிற்சியோ முன் அனுபவமோ கேட்கிறார்கள். 18 மீட்டருக்குக் கீழே போக விடுவதில்லை. பொனேரிலும் வருபவர் முதலில் ஓர் அறிமுக முக்குளிப்பை முடித்தாக வேண்டும்.

இத்தகைய வாசற்காவலை மறுப்பவர்களின் வாதங்கள் எளிதில் தள்ளக்கூடியவையல்ல. கடல் எல்லோருக்கும் பொது, பயிற்சிக்குச் செலவாகும், ஆகவே இது வசதியுள்ளவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு என்பது முதல் வாதம். ஆனால் கட்டணத்தால் மட்டும் திறக்கும் கதவல்லவா அதைவிட அநீதியானது? திறமை கேட்கும் கதவு எவரையும் என்றைக்குமாக விலக்குவதில்லை. இன்று வேண்டாம், பழகிவிட்டு வா என்கிறது. தொடக்கநிலையில் உள்ளவருக்கு மணல் தரையும் ஆழமற்ற நீரும் இருக்கின்றன.

கண்ணால் காணாததை யார் காப்பார், வருபவர்கள் தரும் பணம்தானே பூங்காவை நடத்துகிறது என்பது இரண்டாவது வாதம். உண்மைதான். பொனேர் 1992 முதல் முக்குளிப்பவர்களிடம் கட்டணம் பெற்றே தன் கடற்பூங்காவைப் பேணி வருகிறது. ஆனால் வருமானம் தலைக்கணக்கை மட்டுமே நம்பியிருந்தால், காப்பதற்காக வாங்கும் பணமே கெடுப்பதற்கான தூண்டுதலாகிவிடும். எத்தனை பேரைத் தாங்கும் என்பதை அந்த இடம்தான் முடிவு செய்ய வேண்டும், கல்லாப்பெட்டி அல்ல.

மூன்றாவது வாதமே மிகக் கனமானது. உலகளாவிய நான்காவது பவள வெளிறல் நிகழ்வதாக 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் நோவா அமைப்பு அறிவித்தது. கடல் சூடாகிப் பெருந்திட்டுகளே வெளிறும்போது ஒரு துடுப்படி எம்மாத்திரம்? அளவில் சிறிதுதான். ஆனால் பெருந்தீங்கு நடக்கிறது என்பது சிறுதீங்குக்கு அனுமதிச் சீட்டாகாது. வெப்பத்தால் நலிந்த பவளத்துக்குக் காயத்திலிருந்து மீளும் வலு இன்னும் குறைவு. அதோடு, அந்த வெப்பத்தில் நம் பங்கும் இருக்கிறது. பவளத்தைத் தொடாமல் திரும்பி வந்தவரும் கண்டங்களைத் தாண்டிப் பறந்த விமானத்தின் புகையைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அடிக்கடி பறப்பதைவிட அரிதாகப் போய் அதிக நாள் தங்குவதும், அருகிலுள்ள நீரைக் கற்றுக்கொள்வதும் மேல்.

ஆகவே சுமை ஒருவர்மேல் மட்டும் விழக் கூடாது. உடல்நலப் படிவத்தில் நோயை மறைப்பவர் தன் உயிரை மட்டுமல்ல, தன்னைத் தேடி ஆழத்துக்கு வரப்போகும் துணையின் உயிரையும் பணயம் வைக்கிறார். வழிகாட்டி 'இன்று வேண்டாம்' என்றால் அவருடைய கூலி குறையாத ஏற்பாட்டை நிறுவனம் செய்ய வேண்டும். வயிற்றுப்பாட்டை வைத்து மிரட்டப்படுபவரிடம் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது அறமல்ல. வாடிக்கையாளரும் அந்த மறுப்பைச் சேவைக் குறையாகப் புகார் செய்யாமல் ஏற்க வேண்டும்.

முக்குளிப்பவர்களிடையே ஒரு நல்ல மரபு உண்டு: எவரும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே முக்குளிப்பை நிறுத்தலாம்; யாரும் குறை சொல்லக் கூடாது. மனித உயிருக்காக உண்டான இந்த மரபைக் கடலுக்கும் நீட்ட வேண்டிய காலம் இது. 'போதும், மேலே போவோம்' என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டப் பவளத்துக்குக் கையில்லை. அதன் சார்பில் நிறுத்தச் சொல்லும் கடமை இறங்குபவருக்கும் இறக்குபவருக்கும் உரியது. பக்குவம் போதாத நாளில் கரையிலேயே நின்றுவிடத் துணிபவருக்கே இறங்கும் உரிமை உண்டு.