சண்டிகேசுவரர் முன்னால்

சிவன் கோயிலில் சண்டிகேசுவரர் முன்னால் கைதட்டிவிட்டுத்தான் வருவோம். கோயில் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று அவரிடம் கணக்குச் சொல்வதாம். எனக்கு மட்டும் அங்கே கை கூசும்.

அவர் எங்கள் பக்கத்துக்காரர். திருப்பனந்தாளுக்கு அருகே சேய்ஞலூர், இன்று சேங்கனூர். மாடு மேய்த்த விசாரசருமன் மண்ணியாற்று மணலில் லிங்கம் பிடித்து, பசுக்கள் தந்த பாலை அபிஷேகம் செய்தான். பால் வீணாகிறதென்று ஊரவை அப்பனைக் கூப்பிட்டுக் கண்டித்தது. அப்பன் எச்சதத்தன் குராமரத்தில் ஏறி ஒளிந்து பார்த்தான், இறங்கி வந்து பிள்ளையின் முதுகில் கோலால் அடித்தான். பூசையில் இருந்தவன் அசையவில்லை. பால்குடத்தை உதைத்த பிறகுதான் பக்கத்தில் கிடந்த கோலை எடுத்தான். அது மழுவாகி அப்பன் காலை வெட்டியது. இனி நானே உனக்குத் தந்தை என்று வந்து நின்றார் சிவன். கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பத்தில் ஒரு பிள்ளையின் தலையில் கொன்றை மாலை சுற்றுகிறாரே, சண்டிகேசுவரரான இந்தப் பிள்ளைதான்.

நான் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவன். 2003-இல் கல்வி விதி 51-ஐத் திருத்தி, பள்ளியில் அடிப்பதை அரசு நிறுத்தியது. பிரம்பைப் பரணில் போட்டேன். வீட்டு இறவாணத்தில் செருகிய புளியமிளாறு அங்கேயே இருந்தது. அந்த வருஷம் ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போயிற்று. வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. விதைநெல்லில் ஒரு படியை ஐஸ்காரனிடம் அளந்து கொடுத்து, பால்ஐஸ் வாங்கித் தின்றுவிட்டான் என் பையன். 11 வயது. கெண்டைக்காலில் வரிவரியாய்த் தடித்தது.

சட்டம் என்னை ஒன்றும் கேட்டிருக்காது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகப் பெற்றவர் நல்லெண்ணத்தோடு செய்வது, சில விலக்குகள் நீங்கலாக, குற்றமில்லை என்றது பழைய தண்டனைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் அது 27-ஆம் பிரிவு. சுவீடன் 1979-லேயே வீட்டுக்குள்ளும் அடிக்கக் கூடாது என்றது. நாம் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டோம்.

நல்லெண்ணமாம்! அன்று மிளாறை வீசியது நன்மையா, வறண்ட வாய்க்காலா? என்னைத் தவிர அதற்குச் சாட்சி கிடையாது.

அப்பன் பிள்ளை நடுவில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று எங்கள் திண்ணையில் கேட்பார்கள். மனுநீதிச் சோழனையும் திருவாரூரிலிருந்து இழுத்து வருவார்கள். அவன் மகனைத் தண்டித்தது ஒரு கன்றின் உயிருக்காக. வறண்ட வாய்க்கால் மேலிருந்த கோபத்தில் அல்ல. சேய்ஞலூரிலும் நடுவில் வந்தது ஊரவைதானே. வந்து அப்பன் பக்கம் நின்றது, அவ்வளவுதான். இன்று 1098 என்று பிள்ளைகள் உதவி எண்ணைப் பள்ளிச் சுவரில் எழுதிவைத்து, பிள்ளை பக்கம் நிற்கப் பார்க்கிறார்கள். நிற்கட்டும். ஆனால் நானே தந்தை என்று அரசு சொல்லிவிட முடியாது. சோறு போடும், விடுதி தரும். மாலை சுற்ற அதற்குக் கை ஏது?

பெரியபுராணத்தில் சேக்கிழார் எச்சதத்தனையும் கைவிடவில்லை. மழு பட்டதில் பழி தீர்ந்து அவனும் சிவலோகம் சேர்ந்தான் என்கிறார். என் காலில் மழு எதுவும் படவில்லை. பையன் திருப்பூரிலிருந்து மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். போனில், "மாத்திரை இருக்காப்பா?" என்பான். இருக்கிறது என்பேன். அம்மாவிடம் கொடுக்கச் சொல்வான்.