அதிகாரம் வருமுன்

"நமக்கென்ன அதிகாரம் இருக்கிறது?" அநியாயத்தைக் கண்டு ஒதுங்கிப் போக இந்த ஒரு கேள்வி போதும். அப்படி ஒதுங்காத ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம்.

1528 டிசம்பரில் மெக்சிகோவுக்கு வந்து சேர்ந்தார் ஹுவான் டி சுமாராகா என்ற பிரான்சிஸ்கன் துறவி. மெக்சிகோ நகரின் முதல் ஆயராகவும், அம்மண்ணின் பூர்வகுடிகளுக்குப் பாதுகாவலராகவும் அவரை நியமித்தவர் ஸ்பெயினை ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸ். ஆனால், ஆயர் அபிஷேகம் நடப்பதற்கு முன்பே அவரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

அங்கே ஆட்சி நடத்தியது நூனோ டி குஸ்மான் தலைமையிலான நீதிமன்றம். மெக்சிகோவை ஸ்பெயினுக்காகக் கைப்பற்றிய கோர்டெசுக்கு ஏற்கெனவே கப்பம் கட்டும் தங்களிடம் இந்த நீதிபதிகளும் தனியாகப் பிடுங்குகிறார்கள் என்று வெஹோட்சிங்கோ ஊர்த் தலைவர்கள் சுமாராகாவிடம் வந்து முறையிட்டார்கள். அவர் தட்டிக் கேட்டார். அபிஷேகமே ஆகாதவருக்கு இங்கே என்ன வேலை என்று நீதிபதிகள் எகிறினார்கள். ஸ்பெயினுக்குப் போகும் கடிதங்களையும் வழியிலேயே மடக்கினார்கள்.

சுமாராகா அசரவில்லை. 1529 ஆகஸ்டில், நடப்பதையெல்லாம் பேரரசருக்கு விரிவாக எழுதினார். அந்தக் கடிதத்தை பாஸ்க் மாலுமி ஒருவர் மெழுகில் பொதிந்து, எண்ணெய்ப் பீப்பாய்க்குள் போட்டுக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். கடிதம் போய்ச் சேர்ந்தது. அந்த நீதிபதிகளின் பதவி போனது.

1533இல் ஸ்பெயினின் வல்லடோலிட் நகரில் அவருக்கு அபிஷேகம் நடந்தது. மெக்சிகோ திரும்பியவர், பூர்வகுடிச் சிறுவர்களுக்கு உயர்கல்வி தரும் கல்லூரிக்குத் துணைநின்றார். அச்சுக்கூடம் வரவும் பாடுபட்டார். ஆனால் மதத்துரோகத்தை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரமும் அவர் கைக்கு வந்திருந்தது. 1539இல், தெஸ்கோகோவின் பிரபு டான் கார்லோஸ் மதத்துரோகக் குற்றச்சாட்டில் எரித்துக் கொல்லப்பட்டார். தீர்ப்பளித்தவர் இதே சுமாராகாதான். அதற்காக ஸ்பெயின் அவரைக் கண்டித்தது. விசாரணைப் பொறுப்பும் பறிபோனது.

முழு அதிகாரம் இல்லாதபோது எளியவர் பக்கம் நின்றவர், அது கிடைத்தபோது தடுமாறினார். நியாய உணர்வு பதவியோடு சேர்ந்து வருவதில்லை. பதவி இல்லை என்பதால் இல்லாமல் போவதுமில்லை.

ஆகவே, கண்ணெதிரே அநியாயம் நடந்தால், பதவி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பதவி வந்துவிட்டதா? நம்மைத் தட்டிக் கேட்கும் ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்வோம்.